தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது? டெக்ஸ்ட் கேமுக்கு ஏற்ற கடிகாரம் எது

போன மழைக்காலத்தில் ட்வைனில் (சொற்களை அழுத்தி ஆடும் கதைகளை உருவாக்கும் கருவி) ஒரு சின்ன டெக்ஸ்ட் கேம் எழுத உட்கார்ந்தேன். ஆற்றோரத் தெரு, தரைத்தள வீடு, நடுராத்திரி. ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். கூடத்திலிருந்து மாடிக்குப் பதினான்கு படிகள். பாட்டியை மேலே ஏற்ற வேண்டும். வீட்டுப் பத்திரம் பீரோவுக்குள், இன்சுலின் ஃப்ரிட்ஜுக்குள், பூனை எங்கே என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் காப்பாற்ற நேரம் பத்தாது. கதை அவ்வளவுதான்.

எழுதுவது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அந்த ‘நேரம் பத்தாது’ என்பதை ஆடுகிறவருக்கு எப்படி உறைக்க வைப்பது என்பதில்தான் இரண்டு மாதம் போனது. எனக்குத் தெரிந்து வழிகள் நான்கு. நிஜ நொடிகளை எண்ணலாம். ஆடுகிறவரின் நகர்வுகளை எண்ணலாம். ஒவ்வொரு முடிவுக்கும் கதைக்குள்ளேயே இத்தனை நேரம் என்று ஒரு விலை வைக்கலாம். இல்லை, அவசரத்தையே விட்டுவிட்டு ஆளைக் காக்க வைக்கலாம். இதே குழப்பத்தில் இருக்கிறவர்களுக்காக நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நடுநிலையோடு எழுதப் போவதில்லை என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நொடிக் கடிகாரத்தைத்தான் வைத்தேன். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ட்வைனில் கதையை எழுதக் கிடைக்கும் வடிவங்களில் ஒன்றான ஹார்லோவில் இதற்கென்றே ‘லைவ்’ என்று ஒரு மேக்ரோ, அதாவது ஆயத்தக் கட்டளை, இருக்கிறது; இன்னொரு வடிவமான ஷுகர்க்யூபில் ‘டைம்ட்’, ‘ரிப்பீட்’ என்று இரண்டு. நாலைந்து வரியில் வேலை முடிந்தது. 20 நொடிக்கு ஒரு படி தண்ணீர் ஏறும்.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகனிடம் கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு, “சூப்பர் மாமா, செம டென்ஷன்” என்றான். பாட்டிக்கு எதற்கு இன்சுலின் என்று கேட்டேன். “எந்தப் பாட்டி?” என்றான். வரிகளைப் படிக்கவே இல்லை. நீல நிறத்தில் தெரிந்த சொற்களை மட்டும் தேடித் தேடி அழுத்தியிருக்கிறான். அப்புறம் அத்தையிடம் கொடுத்தேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை நாற்பது வருடமாக விடாமல் படிப்பவர். முதல் திரையை அவர் படித்து முடிப்பதற்குள் தண்ணீர் மூன்று படி ஏறிவிட்டது. “நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள மூழ்கடிச்சுட்டியேடா” என்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. டெக்ஸ்ட் கேம் ஆடுகிறவர் படிக்கிறார், யோசிக்கிறார், பிறகு அழுத்துகிறார் அல்லது தட்டச்சு செய்கிறார். நெருக்கடி வர வேண்டிய இடம் யோசனை. நொடிக் கடிகாரம் கை வைக்கும் இடமோ படிப்பு. படம் ஓடும் கேமில் இந்தச் சிக்கல் கிடையாது; பாய்ந்து வரும் புலியைக் கண் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும். ‘புலி பாய்ந்து வருகிறது’ என்று எழுதியிருந்தால் அதைப் படித்தாக வேண்டும். ஆக, ஊன்றிப் படிக்கிறவருக்குத் தண்டனை, தாவித் தாவிப் போகிறவருக்குப் பரிசு என்று நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்.

இது பழைய தலைவலிதான். 1982-இல் மெல்போர்ன் ஹவுஸ் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ கேமில் கொஞ்ச நேரம் எதையும் தட்டாமல் இருந்தால், ‘நேரம் போகிறது’ என்று அதுவே சொல்லிவிட்டு அடுத்த நகர்வுக்குப் போய்விடும். நீங்கள் திகைத்து நிற்கும்போது, கூட வரும் குள்ளன் தோரின் தன்பாட்டுக்கு உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடுவான். உலகம் நமக்காகக் காத்திருக்காது என்று காட்டும் சின்னத் தந்திரமாக அது நன்றாகவே இருந்தது. டெக்ஸ்ட் கேம் நிறுவனமான இன்ஃபோகாம் 1987-இல் இன்னும் துணிந்து இறங்கியது. மார்க் பிளாங்க் எழுதிய ‘பார்டர் ஸோன்’ பனிப்போர்க் கால உளவுக் கதை. மூன்று அத்தியாயம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள். நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் ஓடும், காவலாளிகள் நகர்வார்கள். இன்ஃபோகாம் தன் கேம்களை ஓட்டப் பயன்படுத்திய இஸட்-மெஷினின் ஐந்தாம் பதிப்பில் உள்ளீட்டுக்கு நேர வரம்பு வைக்கலாம், அதுவும் நொடியில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில். அந்த வசதி இன்றைக்கும் இருக்கிறது. அதை வைத்துக் கதை எழுதுகிறவர்கள்தான் அரிது.

நொடிக் கடிகாரம் கச்சிதமாகப் பொருந்திய ஒரு படைப்பையும் சொல்ல வேண்டும். அனா ஆந்த்ரபி 2013-இல் ட்வைனில் செய்த ‘குயர்ஸ் இன் லவ் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’. உலகம் அழிய 10 நொடி, பக்கத்தில் காதலி. தொடலாம், பேசலாம், முத்தமிடலாம். ஒவ்வொரு திரையிலும் ஓரிரு வரிதான். எந்த வழியில் போனாலும் பத்தாவது நொடியில் எல்லாம் அழிந்துபோகும். உடனே திரும்ப ஆரம்பிப்போம், வேறு சொல்லை அழுத்துவோம், மறுபடியும் பாதியில் அறுந்துபோகும். படித்து முடிக்க முடியாமல் போவதே அங்கே கதை. தோற்றால் இழப்பது வெறும் பத்து நொடி. எழுத்து குறைவு, தோல்வி மலிவு, படிக்காமல் விட்டதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் தயங்காமல் நொடியை எண்ணுங்கள். என் வெள்ளக் கதையில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

டெல்டேலின் ‘தி வாக்கிங் டெட்’ (2012) மாதிரி பதில் சொல்ல ஒரு நேரப் பட்டை வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதில் வாய் திறக்காமல் இருப்பதும் ஒரு பதிலாகவே கணக்கில் சேரும், அருமையான யோசனை. ஆனால் அங்கே காட்சியைக் கண் பார்க்கிறது, வசனத்தைக் காது கேட்கிறது, படிக்க வேண்டியவை சில துண்டு வரிகள் மட்டுமே. முழுக்க எழுத்தாலான கேமில் அதே பட்டையைக் கொண்டுவந்து ஒட்டினால் அத்தை மறுபடியும் மூழ்குவார்.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கில வாசிப்புக்குப் போடும் கணக்கு இங்கே உதவாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். அதோடு, தமிழில் மணிக்கணக்காகப் பேசுகிற, ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. ஆங்கில மீடியத்தில் படித்தவர்கள், வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஒரு தமிழ் கேமைத் தேடி வந்து ஆடுகிற அளவுக்கு ஆசை உள்ளவர்கள் அவர்கள்தான். அவர்களை 20 நொடி கெடு வைத்து விரட்டியடித்துவிட்டு, யாருமே ஆட வரவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை.

எவ்வளவு நேரம் கொடுத்தால் போதும் என்றால், இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதிகளில் 2008-இலிருந்தே ஓர் அளவு இருக்கிறது. நேர வரம்பு வைத்தால் அதை அணைக்க வழி வேண்டும். அல்லது குறைந்தது பத்து மடங்கு வரை நீட்டித்துக்கொள்ள வழி வேண்டும். அல்லது முடியப் போகிறது என்று எச்சரித்து, ஒரு சாவியைத் தட்டி நீட்டிக்க 20 நொடியாவது அவகாசம் தந்து, அப்படிப் பத்து முறையாவது நீட்டிக்க விட வேண்டும். வரம்பை எடுத்தால் விஷயமே கெட்டுவிடும் என்றால் விலக்கு உண்டு. அந்தப் பத்து நொடிக் காதல் இந்த விலக்குக்குள் வந்துவிடும். என் கேமில் 20 நொடியைப் பத்து மடங்காக்கினால் 200 நொடி. அதில் என்ன நெருக்கடி இருக்கும்?

இதெல்லாம் போகட்டும், நடுவில் ஒரு போன் வந்தால் என்ன ஆகும்? பின்னணிக்குப் போன டேபில் பிரவுசர்கள் டைமரை மந்தமாக்கிவிடும். பேசிவிட்டுத் திரும்பினால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்தது நகர்வுக் கடிகாரம். வகையிலேயே பழையது, இன்றைக்கும் கெட்டிக்காரத்தனமானது. வில் கிரவுதர் எழுதி, டான் உட்ஸ் 1977-இல் விரிவாக்கிய ‘கொலோசல் கேவ் அட்வென்ச்சர்’ குகையில் உங்கள் கையில் ஒரு விளக்கு. அதன் பேட்டரி 330 நகர்வுக்கு வரும். 30 மிச்சம் இருக்கும்போது விளக்கு மங்குகிறது என்று எச்சரிக்கும். புதிர்ப்பாதைக்குள் ஓர் இயந்திரம் இருக்கிறது, காசு போட்டால் புது பேட்டரி கிடைக்கும் என்றும் அதுவே சொல்லிக் கொடுக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காசே நீங்கள் சேர்க்க வேண்டிய புதையல்களில் ஒன்று. போட்டால் நேரம் வரும், புள்ளி போகும். இருட்டு நெருங்கும்போது அப்படி ஒரு பேரம் பேச வைப்பதற்குப் பெயர்தான் நெருக்கடி. அந்த வரியை நீங்கள் பத்து நிமிடம் யோசித்துப் படித்தாலும் பேட்டரி குறையாது.

அதே கேமில் எனக்கு இன்னும் பிடித்த ஒன்று உண்டு. தொடக்கத்தில் ‘விளக்கக் குறிப்பு வேண்டுமா?’ என்று கேட்கும். வேண்டும் என்றால் நீங்கள் புதியவர் என்று எடுத்துக்கொண்டு பேட்டரியை 1000 நகர்வுக்கு நிரப்பிவிடும். பதிலுக்கு 5 புள்ளி குறையும். அணுகல்தன்மை என்று யாரும் விதி எழுதாத காலத்தில், தடுமாறுகிறவருக்கு மூன்று மடங்கு அவகாசம்!

விளக்கு என்பது தீர்ந்துபோகும் பொருள். இன்ஃபோகாமின் ‘டெட்லைன்’ (1982, இதுவும் மார்க் பிளாங்க்தான்) அதைக் கால அட்டவணையாக மாற்றியது. பணக்காரர் ஒருவர் பூட்டிய அறைக்குள் செத்துக் கிடந்தார். துப்பறிய உங்களுக்குக் காலை 8 மணியிலிருந்து 12 மணி நேரம், ஒரு நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில். வீட்டில் இருப்பவர்கள் அவரவர் வேலையாக நடமாடுவார்கள். நண்பகலில் வக்கீல் உயிலைப் படிப்பார். அந்த நேரத்தில் நீங்கள் தோட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் உயில் வாசிப்பு உங்களுக்குக் கிடையாது. ஓடி ஓடித் தவறவிடுவதைவிடத் தப்பான இடத்தில் நின்று தவறவிடுவதுதான் இதில் அதிகம். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குப் போன நேரத்தில் தாலி கட்டி முடிந்துவிடுகிற மாதிரி.

சிக்கலும் அதே இடத்தில்தான். உயில் எப்போது, போன் எப்போது என்று முதல் தடவை ஆடுகிறவருக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை தோற்று, இருமுறை தோற்று, அந்த அறிவோடு மூன்றாவது முறை வருகிறோம். டெக்ஸ்ட் கேம் எழுதுவதற்கான இன்ஃபார்ம் மொழியை உருவாக்கிய கிரஹாம் நெல்சன், ஆடுகிறவரின் உரிமைகள் என்று 1990-களில் ஒரு பட்டியல் போட்டார். முற்பிறவி அனுபவம் இல்லாமலே ஜெயிக்க முடிய வேண்டும் என்பது அதில் ஒன்று. போன ஜென்மத்து ஞாபகத்தைக் கதைகளில் நிறையவே பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த உரிமையை வேண்டுமென்றே மீறியும் ஜெயிக்கலாம். ஆடம் கேட்ரின் ‘வரிசெல்லா’ (1999) அரண்மனைச் சதிக் கதை. நிமிடக் கணக்கு அவ்வளவு இறுக்கம், பலமுறை செத்துத்தான் திட்டம் போட முடியும், அந்தச் சாவுகளே சுவாரசியம். ஆனால் அது எழுத்தில் அத்தனை வலு உள்ளவர்களுக்கு. சாதாரண ஆள் செய்தால் திரும்பத் திரும்ப ஒரே பத்தியைப் படிக்க வைத்த பாவம்தான் சேரும்.

இன்னொரு படுகுழி, நகர்வு என்றால் எது என்பது. இன்ஃபார்ம் 7-இல் தானாக அமையும் கணக்கில் சுற்றிலும் பார்ப்பது, கையில் இருப்பதைச் சரிபார்ப்பது எல்லாமே ஒரு நகர்வு, ஒரு நிமிடம். அப்படியே விட்டால் ஒரு பொருளை உற்றுப் பார்க்கிறவருக்கு நேரம் குறைகிறது. நொடிக் கடிகாரத்தின் அதே அநியாயம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. பார்ப்பது, படிப்பது, கேட்பது இலவசம். எடுப்பது, நகர்வது, தூக்குவது காசுக்கு. நகர்வுக் கடிகாரம் வைக்கிறவர்கள் முதலில் இந்தக் கோட்டைப் போட்டுவிட வேண்டும்.

1983-இன் ‘பிளானட்ஃபால்’ பாணியில் பசி, தூக்கம் என்று ஓட்டும் கடிகாரங்களைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. சோற்றைத் தேடுவதே கதை என்றால் சரி. மற்ற இடத்தில் அது நச்சரிப்பு.

மூன்றாவது வழிக்கு ‘80 டேஸ்’ நல்ல உதாரணம். இங்கிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது, எழுதியவர் மெக் ஜயந்த். நீங்கள் பாஸ்பார்த்து என்ற வேலைக்காரர்; பந்தயம் கட்டிய எஜமானரைக் கூட்டிக்கொண்டு 80 நாளில் உலகத்தைச் சுற்ற வேண்டும். எந்த வண்டி எத்தனை நாள், என்ன கட்டணம் என்று தெரிந்துதான் ஏறுகிறீர்கள். பணம் தீர்ந்தால் வங்கிக்குப் போகலாம். பெரிய தொகை கேட்டால் கூடுதல் நாள் காத்துக் கிடக்க வேண்டும். அந்த குகை இயந்திரத்தின் அதே பேரம்தான், திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதைவிட, 80 நாள் தாண்டினால் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. பந்தயத்தில் தோற்றபடியே ஊர் திரும்பலாம். கெடு தவறிய பிறகும் கதை இருக்கிறது என்பதால் துணிந்து தப்பு செய்ய முடிகிறது. குறை என்றால், விலை முன்கூட்டியே தெரிவதால் சில ஆட்டக்காரர்கள் கதையை விட்டுவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். பயணக் கதையில் அது பொருந்திப் போகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவருக்கு ரயில்வே அட்டவணை எதற்கு?

நான்காவது, காத்திருப்பு. 2015-இல் வந்த ‘லைஃப்லைன்’ கேமில், விண்கலம் விழுந்து ஒரு நிலவில் தனியாக மாட்டிக்கொண்ட டெய்லர் உங்களுக்குச் செய்தி அனுப்புவார். அந்த மேட்டுக்கு நடக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனால், நிஜமாகவே ஒரு மணி நேரம் கழித்துத்தான் போன் சிணுங்கும். அதுவரை சமையலறையில் நிற்கும்போதும் அவர் ஞாபகம் வரும். விசாரிப்புக்குப் போன ஆள் திரும்பாத வீட்டில் உட்கார்ந்திருக்கிற உணர்ச்சி. உயிர் துடிக்கிற இரவுக் கதைக்கு இது ஆகாது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தா, கடலுக்குப் போன படகு, விசா முடிவு என்று கதை யோசிப்பவர்கள் மற்ற மூன்றையும் மறந்துவிட்டு நேரே இதற்கு வாருங்கள். ஒன்று, அறிவிப்பு அனுப்ப ஒரு செயலி வேண்டும். வெறும் ட்வைன் பக்கத்தால் அது நடக்காது.

என் கணக்கு இப்படி முடிந்தது. ஒரு திரைக்கு ஓரிரு வரி, ஆட்டமே ஒரு நிமிடத்துக்குள் என்றால் நொடி. கட்டளை தட்டி ஆடும் கேம், அறைகள், நடமாடும் ஆட்கள் என்றால் நகர்வு. தேர்வுகளை அழுத்தி ஆடும் கதை என்றால் விலை. நான் நகர்வையும் விலையையும் கலந்துகொண்டேன். படிப்பதும் பார்ப்பதும் எத்தனை தடவை வேண்டுமானாலும் இலவசம். செயலுக்கு மட்டும் தண்ணீர் ஏறும். எண்ணைக் காட்டவில்லை, ஒவ்வொரு திரையின் அடியிலும் ‘தண்ணீர் மூன்றாம் படியில்’ என்று ஒரு வரி. ஏழாம் படியில் நெஞ்சளவு. அதற்குப் பிறகு கீழே இறங்க முடியாது, ஆனால் மொட்டை மாடியில் விடியும் வரை கதை தொடரும். ஐந்தாம் படியில் ஃப்ரிட்ஜ் மிதக்க ஆரம்பிக்கும், அதுதான் என்னுடைய ‘விளக்கு மங்குகிறது’.

பாட்டியை ஏற்ற மூன்று படி, பத்திரத்துக்கு இரண்டு, இன்சுலினுக்கு ஒன்று, பூனைக்கு மூன்று. கூட்டினால் ஒன்பது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் பாட்டிக்கு இரண்டே படி போதும், அப்போதும் எட்டு. பின்னால் போகும் அம்புக்குறியை ஹார்லோவில் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதை அழுத்தினால் தண்ணீரும் கூடவே இறங்கிவிடும். எடுத்தேன், அப்புறம் திரும்ப வைத்துவிட்டேன். போனில் தவறுதலாக விரல் படுவதற்கெல்லாம் ஒரு பாட்டியைப் பலி கொடுக்க மனசு வரவில்லை.

அத்தை போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆடினார். முக்கால் மணி நேரம். பாட்டி, பத்திரம், இன்சுலின் எல்லாம் மாடிக்கு வந்துவிட்டது, தண்ணீர் ஆறாம் படியில். கீழே எங்கேயோ பூனை கத்துவதாக ஒரு வரி வரும். போனை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பத்திரத்தை எடுக்காம இருந்திருந்தா?” என்று கேட்டார். சரியாக ஏழு படி, அத்தை.